ஒட்டுத்தோலும் மயிர்க்காலும்

மயிர் என்ற சொல்லை இன்று நாம் கூசிக்கொண்டே எழுதுகிறோம். மானம் என்னும் ஒரே அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லை இரண்டு குறள்களில் கையாண்டிருக்கிறார். அவருக்கு அதில் கூச்சம் ஏதுமில்லை. பின்னாளில் அது வசைச்சொல்லாகிப்போக, அதன் இருக்கையில் 'முடி' வந்து அமர்ந்துகொண்டது. இக்கட்டுரை முழுவதும் மயிரைப் பற்றியது என்பதால் அந்தக் கூச்சத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மயிர்க்கால் என்பதற்கு மாற்றுச் சொல்லும் நம்மிடம் இல்லை.

திருநங்கையரும் திருநம்பியரும் செய்துகொள்ளும் பாலுறுப்பு அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெர்லின், காசாபிளாங்கா, கொலராடோ என்று ஊர்ப்பெயர்களும் அவ்வூர்களின் மருத்துவர் பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் மேசையில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்த அறுவைக்கு முன், பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல், இன்னொரு வேலை நடக்கிறது. எந்தத் தோல் உடலின் உட்புறத்துக்குப் போகப்போகிறதோ அந்தத் தோலிலிருந்து மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக அழிக்கும் வேலை அது. வலியும் செலவும் மிகுந்தது. பிறர் முன் நாணத்தை விட்டுப் படுத்திருக்க வேண்டியது. இந்த வேலை ஏன் வந்தது, எப்போது வந்தது என்று தேடிப்போனபோது கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோலின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக், வழுக்கைத் தலையில் பின்மண்டைத் தோலைச் சிறு சிறு வட்டங்களாக எடுத்து நட்டுப் பார்த்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. நடப்பட்ட மயிர் புதிய இடத்தின் குணத்தை ஏற்கவில்லை. எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடத்தின் குணத்தோடுதான் வளர்ந்தது. வழுக்கை விழும் மண்டையிலும் பின்மண்டை மயிர் உதிராமல் நின்றது. இன்றைய முடிநடவு வணிகம் முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. (அவருக்கும் முன்பே, 1939இல், ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் மயிர் நடவைச் செய்து எழுதியிருந்தார். 1943இல் தமுரா என்ற இன்னொருவர் பெண்களுக்கு அடிவயிற்றின் கீழ் மயிர் நட்டுக் கொடுத்தார். போர்க்காலத்தில் இவை ஜப்பானுக்கு வெளியே யார் கண்ணிலும் படவில்லை.) வழுக்கைத் தலையருக்கு வரமாக இருந்த இதே குணம்தான் நம் கதையில் வில்லங்கம். தோலை எங்கே கொண்டுபோய்த் தைத்தாலும் அது தன் சொந்த ஊரை மறப்பதில்லை.

இப்போது பெர்லினுக்குப் போகலாம். மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் அங்கே தொடங்கிய பாலியல் அறிவியல் நிறுவனத்தைப் பற்றித் தமிழிலும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அங்கே வீட்டு வேலைகள் பார்த்துவந்த டோரா ரிக்டர் என்னும் திருநங்கைக்கு 1931இல் செயற்கையாக யோனி அமைக்கும் அறுவை நடந்தது. செய்தவர் எர்வின் கோர்பாண்ட். (இவர் பின்னர் நாஜி விமானப்படையின் மருத்துவ ஆலோசகரானார் என்பது வேறு கதை. ஒரே கையின் இரண்டு வேலைகள்.) அதே ஆண்டில் ஃபெலிக்ஸ் ஆபிரகாம் இந்த அறுவைகளை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய முறை, வேறிடத்திலிருந்து மிக மெல்லிய தோலைச் சீவி எடுத்து, அதை ஓர் அச்சின் மேல் சுற்றி, புதிதாக வெட்டிய குழிக்குள் பொருத்துவது. கார்ல் டீர்ஷ் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1874இல் புகழ்பெறச் செய்த மென்தோல் ஒட்டுதான் இதற்கு அடிப்படை.

இந்த மென்தோலில் ஒரு நன்மை இருந்தது. அன்று யாரும் அதை நன்மை என்று எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள். மயிர்க்கால் தோலின் மேற்பரப்பில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. மேலாகச் சீவி எடுத்தால் வேர்கள் எடுத்த இடத்திலேயே தங்கிவிடும். சீவிய இடத்தில் மயிர் மறுபடி முளைக்கும்; ஒட்டிய இடத்தில் முளைக்காது. ஆகவே டோரா ரிக்டரின் காலத்தில் இக்கட்டுரைக்குப் பொருளே இல்லை. ஆனால் மென்தோலுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது சுருங்கும். மாதக்கணக்கில் அச்சு வைத்துக் காத்தாலும் வழி குறுகிப்போகும்.

1933 மே 6ஆம் நாள் நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடினர். நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் தெருவில் எரிந்தன. டோரா ரிக்டரும் அன்றே இறந்திருப்பார் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அவர் தப்பிப் பிழைத்து 1966 வரை வாழ்ந்தார் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் ஆவணங்களோடு காட்டியிருக்கின்றன. அறுவைக்குப்பின் முப்பத்தைந்து ஆண்டுகள்! இத்துறையின் வரலாற்றில் நான் வாசித்தவற்றுள் மனதுக்கு நிறைவளித்த திருத்தம் இதுதான்.

சுருங்கும் குறைக்கு விடை மொராக்கோவிலிருந்து வந்தது. காசாபிளாங்காவில் மகப்பேறு மருத்துவராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் பூரூ, 1956இல் வேறொரு வழியைக் கண்டார். ஆண்குறியின் தோலை வெட்டி எறியாமல், இரத்த ஓட்டத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு, சட்டைக் கையை உட்புறமாகத் திருப்புவதைப்போல் திருப்பி உள்ளே விட்டார். வெளித்தோல் உட்சுவராயிற்று. முழுக்கனமுள்ள, உயிரோட்டமுள்ள தோல் என்பதால் மென்தோலைப்போல் சுருங்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் மோரிஸ் 1972இல் அவரிடம் சென்று அறுவை செய்துகொண்டு, 1974இல் தம் நூலில் அதை எழுதியதை நம்மில் பலர் வாசித்திருப்போம். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த கருத்தரங்கில் பூரூ தம் முறையை விளக்கினார். அதற்குப்பின் உலகெங்கும் அதன் வழித்தோன்றல்களே வழங்கிவந்தன.

கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. கனமான தோல் சுருங்காது. ஆனால் அது தன் மயிர்க்கால்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். ஆண்குறியின் நடுப்பகுதித் தோல் ஏறக்குறைய மயிரற்றது. அடிப்பகுதி அப்படியல்ல. ஆழம் போதாதபோது விதைப்பைத் தோலை எடுத்து ஒட்டும் வழக்கம் பின்னர் வந்தது; விதைப்பையோ மயிர் அடர்ந்த இடம். உள்ளே போன மயிர் இருட்டிலும் ஈரத்திலும் தன்பாட்டில் வளரும். கசிவுகள் அதில் சிக்கும், நாற்றமும் தொற்றும் வரும், திரண்டு உருண்டையாகும், உறவின்போது நோகும். வெளியே இருக்கும்வரை ஊசிக்கும் ஒளிக்கும் எளிதில் எட்டிய அதே மயிர்க்கால், உள்ளே போனபின் எட்டாத இடத்தில் இருக்கிறது. அறுவைக்கு முன் செய்தாக வேண்டும் என்ற விதி பிறந்தது இதனால்தான். அழகுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சிறுநீர்க் குழாயில் இந்த விதியை மருத்துவர்கள் இன்னும் கசப்பாகக் கற்றார்கள். அங்கே பாடம் திருநம்பியரிடமிருந்து தொடங்கவுமில்லை. சிறுநீர்த்துளை இடம் மாறிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு விதைப்பைத் தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்த காலம் ஒன்று இருந்தது. குழந்தையின் தோலில் அப்போது மயிர் இல்லை. பையன் பருவமெய்தியதும் குழாய்க்குள் மயிர் முளைத்தது. சிறுநீரின் உப்பு மயிரைச் சுற்றிப் படிந்து கல்லாயிற்று. கிணற்றுக் கயிற்றில் பாசி ஏறுவதைப்போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஹாரல்ட் கில்லீஸ், இரண்டு உலகப் போர்களிலும் சிதைந்த முகங்களைச் சீரமைத்தவர், 1946 முதல் 1949 வரை மைக்கேல் டில்லனுக்குப் படிப்படியாகப் பல அறுவைகள் செய்து ஆண்குறி அமைத்தார். (டில்லன் பின்னர் பௌத்தத் துறவியாகி இந்தியாவுக்கு வந்தார். 1962இல் இமயமலை அடிவாரத்து டல்ஹவுசியில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) தோலைக் குழாயாக உருட்டி, அதற்குள் இன்னொரு தோல் குழாயைச் சிறுநீருக்கென வைப்பது அன்றைய உத்தி. 1984இல் சீன மருத்துவர்களான சாங், ஹுவாங் இருவரும் முன்கைத் தோலை நரம்போடும் நாளத்தோடும் எடுத்து ஒரே முறையில் இதைச் செய்து காட்டினர். முன்கையிலும் மயிர் உண்டு. சுண்டுவிரல் பக்கம் குறைவு, கட்டைவிரல் பக்கம் மிகுதி. எந்தப் பக்கத்தை உட்குழாயாக்குவது என்ற முடிவில் மயிரின் அடர்த்தியும் ஒரு காரணமாயிற்று. அதனால்தான் முன்கையில் ஒரு நீளப்பட்டையை மட்டும் குறித்து, அங்கே முன்கூட்டியே மயிரகற்றச் சொல்கிறார்கள்.

இனி மயிரை அகற்றும் கருவிகளுக்கு வருவோம். ஊசியும் மின்சாரமும் கொண்ட முறை கண் மருத்துவத்தில் பிறந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மைக்கேல், கண்ணை நோக்கி உள்வளைந்து கருவிழியைக் கீறும் இமைமயிரால் துன்புற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பிடுங்கினால் மறுபடி முளைத்தது. மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் செலுத்தி, மின்கலத்தின் மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். தோலின் உப்புநீர் அங்கே காரமாக மாறி வேரை அரித்தது. 1875இல் அதை எழுதி வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அதே நகரத் தோல் மருத்துவர் ஹார்டவே பெண்களின் முகமயிருக்கு இதைப் பயன்படுத்தினார். ஒரு மயிர்க்காலுக்குச் சில நிமிடங்கள்! 1916இல் பால் க்ரீ பல ஊசிகளை ஒரே நேரத்தில் குத்தும் கருவியைக் கொண்டுவந்தார். 1920களில் பிரான்சில் போர்தியே உயர் அதிர்வு மின்னோட்டத்தால் வேரைச் சூடாக்கி, நிமிடங்களை நொடிகளாக்கினார். 1948இல் காரமும் சூடும் சேர்ந்த கலப்பு முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கருவிகள் மாறினாலும் ஒரு மயிர்க்கால், ஒரு ஊசி என்ற கணக்கு மட்டும் மாறவேயில்லை.

இடையே ஒரு கொடிய குறுக்குவழி வந்து போயிற்று. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட மறு ஆண்டே, 1896இல், வியன்னாவின் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் ஐந்து வயதுச் சிறுமியின் முதுகிலிருந்த மயிர் மச்சத்தின்மேல் அதைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது; தோலும் புண்ணாயிற்று. உதிர்ந்தது மட்டும் செய்தியாகப் பரவியது. ஹிர்ஷ்ஃபெல்ட் நிறுவனத்திலும் எக்ஸ் கதிரால் தாடி நீக்கம் நடந்தது. அமெரிக்காவில் 1920களில் கைசர் என்ற மருத்துவரின் 'ட்ரைக்கோ' கருவி ஊர் ஊராக அழகு நிலையங்களில் வைக்கப்பட்டது. வலியில்லை, ஊசியில்லை என்பது விளம்பரம். ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கி, புண்ணாகி, பலருக்குப் புற்றுநோயில் முடிந்தது. முகமயிருக்காகப் பெண்கள் கொடுத்த விலை இது. பொறுமை வேண்டிய ஒரு வேலையைப் பொறுமையின்றிச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் இந்தக் கருவியின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது.

லேசர் அப்படிப்பட்டதல்ல என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. 1983இல் பாஸ்டனின் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர்: குறிப்பிட்ட நிறமிக்கு உகந்த அலைநீளத்தை, உகந்த நேரத்துக்கு மட்டும் பாய்ச்சினால் சுற்றுப்புறம் கெடாமல் அந்த நிறமி உள்ள இடத்தை மட்டும் சுடலாம். 1996இல் மாணிக்க லேசரைக் கொண்டு மயிர்க்கால்களை இவ்வாறு அழித்துக் காட்டினர். லேசர் தேடுவது மயிரை அல்ல, அதிலுள்ள கருமையை. வெள்ளைத் தோலில் கருமயிர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். நம்மைப்போன்ற கருந்தோலில் மேற்பரப்பே கருமை என்பதால் அது ஏமாந்து தோலையே சுடக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஆழத்துக்குப் போகும், மேற்தோலின் கருமையில் அதிகம் சிக்காது என்பதால் கருநிறத்தோருக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள். பாலுறுப்புத் தோலோ உடலின் மற்ற இடங்களைவிடவும் கருத்தது. ஊசிக்கு இந்த நிறபேதம் கிடையாது.

நேரம் ஏன் இவ்வளவு ஆகிறது? மயிர்க்கால்கள் எல்லாம் ஒரே வேளையில் விழித்திருப்பதில்லை. ஒரு பகுதி வளரும், ஒரு பகுதி ஓய்வெடுக்கும். வளரும் பருவத்திலிருப்பவற்றைத்தான் முழுமையாக அழிக்க முடியும். இன்று சுத்தமான இடத்தில் சில வாரங்கள் கழித்து உறங்கியவை எழுந்து நிற்கும். மீண்டும் படுக்க வேண்டும். இப்படியே சுற்றுகள். கடைசிச் சுற்றுக்கும் அறுவைக்கும் நடுவே தோல் ஆறுவதற்குச் சில வாரங்கள். அறுவை மருத்துவரின் நாள் கிடைப்பதே அரிதாக இருக்கும் இடங்களில், நாள் கிடைத்தும் மயிரகற்றல் முடியாததால் தள்ளிப்போனவர்கள் உண்டு. உணர்ச்சி மிகுந்த அவ்விடத்தில் குத்தும் வலிக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பு பூசுவார்கள். அதிலும் எச்சரிக்கை தேவை. கால் மயிரகற்ற லேசருக்குப் போகுமுன் இத்தகைய களிம்பை நிறையப் பூசி மூடிவைத்துக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்துபோனதை அடுத்து 2007இல் அந்நாட்டு மருந்துத்துறை பொது எச்சரிக்கை விட்டது.

இதையெல்லாம் தவிர்க்க முடியாதா? சில அறுவை மருத்துவர்கள் மேசையிலேயே ஒட்டுத்தோலைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் வேர்களைச் சுரண்டியும் சுட்டும் எடுத்துவிடுகிறார்கள். அதுவே போதும் என்பாரும் உண்டு. நம்ப முடியாது என்பாரும் உண்டு. தனியாக வெட்டியெடுத்த ஒட்டில் இது எளிது. இரத்த ஓட்டத்தோடு திருப்பிவிடும் தோலை அடிப்புறம் அவ்வளவு சுரண்டினால் ஓட்டமே அற்றுப்போகும். பெருங்குடலின் ஒரு பகுதியையோ வயிற்றறையின் உள்ளுறையையோ கொண்டு அமைக்கும் முறைகளில் மயிர்த் தொல்லை மிகக் குறைவு. அவற்றுக்கு வயிற்றைத் திறக்கும் தொல்லை உண்டு.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். பொதுவான அறுவைகளில், வெட்டும் இடத்தைச் சவரம் செய்வது பழைய வழக்கம். 1971இல் வெளியான ஓர் ஆய்வு, கத்தியால் சவரம் செய்தவர்களில் 5.6 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்ததையும், சவரம் செய்யாதோரிலும் களிம்பால் நீக்கியோரிலும் 0.6 விழுக்காட்டினருக்கே வந்ததையும் காட்டியது. அதிலிருந்து அறுவைக்கு முன் சவரம் வேண்டாம் என்பதே மருத்துவமனைகளின் பாடமாயிற்று. அறுவை உலகம் மயிரைச் சும்மா விடக் கற்றுக்கொண்டிருந்தபோது, இந்த ஓர் அறுவை மட்டும் அதை வேரோடு ஒழிக்க வேண்டும் என்றது. காப்பீட்டுக்காரர்களுக்கு இது புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள விரும்பவில்லை. மயிரகற்றல் என்றாலே அழகு சாதனம் என்று பலகாலம் அமெரிக்காவில் பணம் மறுத்தார்கள். அறுவைக்குப் பணம் தந்து, அதன் முன்தேவைக்கு மறுத்த நிலையும் இருந்தது. பணம் தர ஒப்புக்கொண்ட இடத்திலும் சிக்கல்: மருத்துவ உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும் என்பார்கள், ஊசி பிடிக்கத் தெரிந்தவரோ அழகு நிலையத்தில் இருப்பார், அவரிலும் பலர் அந்த இடத்தைத் தொட மறுப்பார். 2022இல் வந்த, திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு நெறிமுறை, அறுவைக்கான முன்னேற்பாடாக மயிரகற்றலையும் மருத்துவச் சிகிச்சைகளின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது.

நம் ஊரிலோ வரலாறு வேறு. திருநங்கையர் மரபில் 'நிர்வாணம்' என்பது நீக்குவது மட்டுமே. உள்ளே எதையும் அமைப்பதில்லை. ஆகவே அங்கே மயிர்க்கால் கேள்வி முகத்தோடு நின்றது. தாடி மயிரை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் அம்மரபில் ஆழமானது. ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் எழுதிய தன்வரலாறுகளை வாசித்தவர்களுக்கு அந்த உலகத்தின் வலி தெரியும். 2008இல் தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது; அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவையும் வந்தது. கத்திக்குச் செலவில்லை என்றானது பெரிய செய்தி. பின்னர் நடுவண் அரசின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், காப்பீட்டின் கீழ் வரவேண்டியவற்றைச் சொல்லும்போது, அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் பக்கத்திலேயே 'லேசர் சிகிச்சை' என்ற சொல்லையும் வைத்தது. முகத்துக்கா, ஒட்டாகப் போகும் தோலுக்கா என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

லேசர் என்று எழுதியவர்கள் ஊசியை எழுதவில்லை. வாழ்நாளில் பாதியைக் காத்திருந்து கழித்துவிட்டு ஐம்பதைக் கடந்தபின் அறுவைக்கு வருபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களது மயிரில் நரை ஏறியிருக்கும். கருமையைத் தேடும் ஒளிக்கு அந்த நரை கண்ணில் படாது. அவர்களுக்கு இன்றும் செயின்ட் லூயிஸ் கண் மருத்துவரின் ஊசிதான். ஒரு மயிர்க்கால் முடிந்ததும் அடுத்த மயிர்க்கால்.